அந்தரத்தில் நின்ற கேபின்கள்: கோபம் எங்கே போக வேண்டும்?

2019 அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஸ்கைலைனர் என்கிற கோண்டோலா, அதாவது ஓடும் வடத்தில் சிறு கேபின்கள் வரிசையாகத் தொங்கிப் போகும் ரோப் கார், நின்றுபோனது. செப்டம்பர் 29-இல்தான் திறந்திருந்தார்கள். ஒரு வாரம்கூட முடியவில்லை. எப்காட் பூங்காவுக்குப் போகும் பாதையில், ரிவியரா விடுதி ஸ்டேஷனுக்குள் மூன்று கேபின்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. அதே பாதையில் வந்துகொண்டிருந்த மற்ற கேபின்கள் இருந்த இடத்திலேயே தொங்கின. உள்ளே குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள். சிலர் தரையில் கால்வைக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

அதற்குள் முட்டிக்கொண்டு நின்ற கேபின்களின் படங்கள் உலகம் முழுக்கப் போய்விட்டன. உள்ளே இருந்தவர்கள் அவசர எண்ணான 911-ஐ அழைத்தார்கள், படமெடுத்துப் பதிவிட்டார்கள். வெளியே இருந்தவர்கள் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். “இனி ஜென்மத்துக்கும் ஏற மாட்டேன்”, “ஏசி இல்லாமல் கட்டியபோதே சொன்னோமே”, “பணத்தைக் கறக்கத் தெரிகிறது, ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லையா” என்கிற ரீதியில்.

நான் ரோப் கார் ஆபரேட்டர்களுக்கும் மீட்புக் குழுக்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். இந்தச் சம்பவத்தைப் பாடமாகவே நடத்துகிறேன். வகுப்பில் கேபின் ஏன் முட்டியது என்று பேசுகிற அளவுக்கு, மக்கள் எதற்குக் கோபப்பட்டார்கள் என்பதையும் பேசுவோம். கோபப்பட மக்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்தக் கோபம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைப் பொறுத்து, அடுத்த முறை ஏறுகிறவர்களின் உயிர் காப்பாற்றப்படலாம், போகவும் போகலாம்.

முதலில் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். கோண்டோலாவில் கம்பிவடம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கேபினின் தலையிலும் ஒரு கிரிப் உண்டு. வலுவான ஸ்பிரிங் அதை வடத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் கிரிப் திறந்து வடத்தை விட்டுவிடும். அதன்பிறகு வரிசையாக உள்ள சிறிய ரப்பர் டயர்கள் கேபினை உரசி வேகத்தைக் குறைத்து, நடந்து ஏறுகிற வேகத்துக்குக் கொண்டுவரும். கதவு திறக்கும், ஆட்கள் இறங்கி ஏறுவார்கள், கதவு மூடும், டயர்கள் மறுபடி வேகமெடுக்க வைக்கும், கிரிப் வடத்தைக் கவ்வும். கவ்விய பிடி சரியாக இருக்கிறதா என்று கருவி சோதிக்கும். சந்தேகம் வந்தால் பாதை நின்றுவிடும்.

ஸ்கைலைனர் மணிக்குச் சுமார் 11 மைல் வேகத்தில் போகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர். பத்துப் பேர் அமரும் கேபின்களை வைத்து மணிக்கு 3000 பேரை ஏற்ற வேண்டும் என்றால் 12 விநாடிக்கு ஒரு கேபின் வந்தாக வேண்டும். ஸ்டேஷனுக்குள் ஒரு கேபின் மாட்டிக்கொண்டால் அடுத்தது உள்ளே வர அவ்வளவுதான் அவகாசம். வடத்தை ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் வெளியே தொங்குகிற கேபின்கள் எல்லாம் பயங்கரமாக ஆடும். அதனால்தான் ஸ்டேஷனுக்குள் கேபின்களுக்கு இடையேயான தூரத்தைக் கருவிகள் ஓயாமல் கண்காணிக்கின்றன. இடைவெளி குறைந்தால் எல்லாம் நிற்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த இரவைப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தனித்தனியாகத் தெரியும். கேபின்கள் முட்டிக்கொண்டது கோளாறு. அதைப் பற்றிக் கடுமையாகக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆனால் முட்டிய பிறகு பாதை நின்றது கோளாறு அல்ல, அதுதான் பாதுகாப்பு. மக்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டினார்கள். “நின்றுபோச்சு” என்பதே பெரிய குற்றமாகிவிட்டது.

இதில் எனக்குக் கவலை ஏன் என்றால், சேவையை நிறுத்தப் பயப்படுகிற நிர்வாகம் என்ன செய்யும் என்பதற்கு இத்தாலியில் சாட்சி இருக்கிறது. 2021 மே 23-இல் ஸ்ட்ரேசா ஊரிலிருந்து மொத்தரோனே மலைக்குப் போகும் கேபிள் காரில் இழுவை வடம் அறுந்தது. அது கோண்டோலா இல்லை, இரண்டு பெரிய கேபின்கள் மாறி மாறி ஏறி இறங்கும் பழைய வகை. வடம் அறுந்தால் கேபினைத் தாங்கும் வடத்தைக் கவ்விப் பிடிக்க அவசர பிரேக் உண்டு. அன்றைக்கு அது பிடிக்கவில்லை. காரணம், அந்த பிரேக் இயங்காதபடி இரும்பு முட்டு கொடுத்து வைத்திருந்தார்கள். பிரேக் அடிக்கடி தானாகப் பிடித்துச் சேவையை நிறுத்திக்கொண்டிருந்தது. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு அப்போதுதான் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இன்னொரு முறை மூட அவர்களுக்கு மனமில்லை. கேபின் பின்னோக்கிப் பாய்ந்து விழுந்து 14 பேர் இறந்தார்கள். பிழைத்தது ஒரே ஒரு ஐந்து வயதுச் சிறுவன்.

டிஸ்னியில் பாதை நின்றது, எல்லோரும் வீடு திரும்பினார்கள். மொத்தரோனேயில் நிற்க வேண்டிய கருவியைக் கட்டிப்போட்டார்கள்.

நம் ஊரிலும் அந்த அழுத்தம் எப்படி வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மலைக்கோயில் ரோப் காரில் பயிற்சிக்காகப் போயிருந்த நாள். முகூர்த்த நாள், நல்ல கூட்டம். கண்ட்ரோல் ரூமில் திடீரென்று அலாரம் அடித்து எல்லாம் நின்றது. திரையில் ஒரு தூணின் எண் சிவப்பில் மின்னியது. அந்தத் தூணின் சக்கரங்களில் வடம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சிலிருந்து வந்த தகவல். இதற்கு விதி ஒன்றுதான்: ஆள் போய் நேரில் பார்க்காமல் ரீசெட் போடக்கூடாது. தூண் இருந்ததோ பாறைச் சரிவின் பாதியில். ஏறிப்போகவே அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு பையன் வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினான்.

கீழே கூட்டம் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு பெரியவர் உள்ளே தலையை நீட்டி, “தம்பி, அந்த சுவிட்சைப் போட்டு விடுப்பா, எங்க வீட்டம்மா மேல தொங்கிக்கிட்டு இருக்காங்க” என்றார். ஆபரேட்டர் எழுந்து நின்று, “ஐயா, ஆள் மேலே போயிருக்கார். அவர் பார்த்துச் சொல்லாம நான் போட்டா அம்மாவுக்குத்தான் ஆபத்து” என்றார். சொல்லும்போது அவர் கை ரீசெட் பட்டனுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. பின்னால் நின்ற மேற்பார்வையாளரின் போன் விடாமல் அடித்தது. பையன் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கை பட்டனுக்குப் போகவில்லை. சுவிட்சில்தான் கோளாறு, வடம் அதன் இடத்தில் சரியாக இருந்தது. அப்புறம் மெல்ல ஓட்டி எல்லாக் கேபின்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இறங்கியவர்களில் பாதிப் பேர் அந்த ஆபரேட்டரைத் திட்டிவிட்டுத்தான் போனார்கள். எனக்கு மனது பொறுக்கவில்லை.

பழனியில் ஆண்டுதோறும் பராமரிப்புக்காக ரோப் காரை வாரக்கணக்கில் நிறுத்துகிறார்கள், மாதம் ஒரு நாளும் நிறுத்துகிறார்கள். வந்து ஏமாந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். 2007-இல் அங்கே நடந்த விபத்தில் உயிர்கள் போனதை நினைத்துப் பார்த்தால் அந்த நாட்களுக்காக நிம்மதிதான் வர வேண்டும். மின்னல் நெருங்கும்போது ஸ்கைலைனரை நிறுத்துவதும் இப்படித்தான்.

சரி, அப்படியானால் அந்த இரவு மக்களின் கோபத்தில் நியாயமே இல்லையா? நிறைய இருந்தது.

ஏசி பற்றிய பேச்சு பாதி நியாயம். ஸ்கைலைனர் கேபின்களில் ஏசி கிடையாது. ஓடும்போது காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி செய்திருக்கிறார்கள். நின்றுவிட்டால் அந்தக் காற்றோட்டம் வெகுவாகக் குறையும். இருட்டிய பிறகு நின்றது பெரிய அதிர்ஷ்டம். ஃபுளோரிடாவின் ஜூலை மாத மதியத்தில் நின்றிருந்தால் பேச்சே வேறு. ஆனால் ஏசி வைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? வடத்தில் தொங்கும் கேபினுக்கு ஓடும் வழியில் மின்இணைப்பு இல்லை. ஸ்டேஷனில் ஏற்றிய பேட்டரி, நின்றுபோன கேபினில் மூன்று மணி நேரம் குளிரவைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. கேட்க வேண்டியது ஏசியை அல்ல, எவ்வளவு சீக்கிரம் இறக்குவீர்கள் என்பதை.

நேரம் ஏன் அவ்வளவு ஆகிறது? கோண்டோலா நின்றால் முதல் முயற்சி எப்போதும் அதை மறுபடி நகர்த்துவதுதான். மோட்டார் போனால் துணை மோட்டார் அல்லது டீசல் இன்ஜினை வைத்து மெதுவாக இழுத்து, கேபின்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். கயிறு கட்டியோ ஏணி வைத்தோ இறக்குவது கடைசி வழி. அதில்தான் ஆபத்து அதிகம். 2022 ஏப்ரல் 10-இல் ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட் மலையில் ரோப்வே விபத்து நடந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து, மீட்பு முடிய நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஹெலிகாப்டரில் தூக்கும்போது விழுந்தவர்கள்.

ஆகவே ஸ்கைலைனரில், முட்டிக்கொண்டு கிடந்த கேபின்களை ஒதுக்கிப் பாதையை மறுபடி ஓட்டப் பார்த்தது சரியான முடிவுதான். ரீடி கிரீக் தீயணைப்புத் துறையினரும் உதவிக்கு வந்தார்கள். ஆனால் மூன்று மணி நேரம் என்பது நீளம். பாதையை மறுபடி ஓட்டுவது முடிகிற கதை இல்லை என்று தெரிந்ததும் எந்த நிமிடத்தில் மீட்புக் குழுவை இறக்குவது என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ஆள் வேண்டும், ஒத்திகை வேண்டும். இதற்காகக் குரல் கொடுத்தவர்களின் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம்.

அதைவிட நியாயமான கோபம் இன்னொன்று: தொங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாதது. கேபினுக்குள் இருப்பவருக்கு மோதல் தெரியாது, ஸ்டேஷன் தெரியாது. நின்றது மட்டும்தான் தெரியும். முதல் பத்து நிமிடம் சிரித்துப் படமெடுப்பார்கள். அரை மணி ஆனதும் குழந்தை அழும், யாருக்கோ சிறுநீர் முட்டும், யாருக்கோ நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் “இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்” என்று பதிவு செய்த குரல் திரும்பத் திரும்ப ஒலித்தால், அந்தக் குரலையே நம்ப மாட்டார்கள். என் வகுப்பில் “சற்று நேரத்தில்” என்ற சொல்லுக்குத் தடை. நின்ற ஒரு நிமிடத்துக்குள் மனிதக் குரலில் முதல் அறிவிப்பு வர வேண்டும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, சொல்லப் புதிதாக எதுவும் இல்லை என்றாலும், “தூணைப் பார்க்க ஆள் போயிருக்கிறார், 8.40-க்கு மறுபடி பேசுகிறேன்” என்று சொல்லி, 8.40-க்குப் பேச வேண்டும். தகவல் இல்லாத இடத்தில்தான் வதந்தி புகுகிறது.

இந்தக் கோபம் வேலை செய்தது என்பதும் உண்மை. டிஸ்னி சேவையை மூடி வைத்து அக்டோபர் 14-இல்தான் மறுபடி திறந்தது. இயக்கும் முறைகளிலும் பயிற்சியிலும் மாற்றம் செய்வதாகவும், பயணத்தின்போது பயணிகளுக்குத் தகவல் சொல்வதை மேம்படுத்துவதாகவும் அறிவித்தது. ஏசி வரவில்லை. ஆனால் தகவலும் பயிற்சியும் வந்தன. எனக்கு அதுதான் பெரிது.

நீங்கள் அடுத்து பழனியிலோ சோளிங்கரிலோ, எந்த நாட்டுப் பூங்காவிலோ ஏறும்போது கேபின் நின்றால், ஆட்டாதீர்கள், கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள். நின்ற கேபின் தானாக விழுவது மிக அரிது. கதவைத் திறந்து இறங்கப் பார்ப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. உள்ளே எழுதியிருக்கும் எண்ணுக்கு ஒருவர் மட்டும் அழையுங்கள். கேபின் எண், எத்தனை பேர், அவர்களில் சர்க்கரை நோயாளியோ கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உண்டா என்பதைச் சொல்லுங்கள். மீட்பவர்கள் யாரை முதலில் இறக்குவது என்று முடிவு செய்ய அந்தத் தகவல்தான் உதவும். வீடியோ எடுத்துப் போனின் சார்ஜைத் தீர்த்துவிடாதீர்கள்.

இறங்கிய பிறகு கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள். ஏன் நின்றது என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிடாமல், கடைசியாக மீட்பு ஒத்திகை எப்போது நடந்தது, யார் இறங்கிக் காட்டினார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது. அந்தக் கடிதம் மேற்பார்வையாளரின் மேஜைக்குத்தான் போகும், பட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போகாது.