கோல் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள்

போன வாரம் எங்கள் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு முடிந்து பட்டியலை ஒட்டியதும் ஒரு அப்பா நோட்டோடு வந்து நின்றார். இந்த சீசனில் மகன் அடித்த ஒவ்வொரு கோலையும் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். மொத்தம் 11. "சார், ஒரு கோல்கூட அடிக்காத பையன் உள்ள, என் பையன் வெளிய. இது நியாயமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. இந்த மாதம் இதே கேள்வியோடு வந்த நான்காவது பெற்றோர் அவர். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிப் பயனில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கார்த்தியும் மாரீஸ்வரனும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்று 2022இல் இந்திய அணிக்குப் போனதிலிருந்து எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவன் ஆகும் கனவுதான். அதில் தப்பில்லை. கோல் கணக்கை வைத்து இவன் ஸ்டார், அவன் சுமார் என்று பையன்களைப் பிரிப்பதுதான் தப்பு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா 8 ஆட்டத்தில் 15 கோல் அடித்தது. அதில் 10 ஹர்மன்பிரீத் சிங்குடையது. ஃபார்வர்டு அபிஷேக் அடித்தது 2. அப்படியானால் ஹர்மன்பிரீத் ஐந்து மடங்கு பெரிய ஆட்டக்காரரா? ஹர்மன்பிரீத் ஃபுல்பேக், பின்வரிசையில் நின்று தடுப்பவர். அவருடைய பத்தில் 7 பெனால்டி கார்னர் (சுருக்கமாக பிசி; எதிரணியின் தவறுக்காக, ஆட்டத்தை நிறுத்திக் கொடுக்கும் வாய்ப்பு), 3 பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிப்பது). அபிஷேக்கின் இரண்டும் ஆட்டத்தின் ஓட்டத்திலேயே, பெல்ஜியத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எதிராக வந்த ஃபீல்டு கோல்கள். இரண்டும் வேறு வேறு வேலை. ஒரே தராசில் நிறுக்க முடியாது.

பிசி கோல், கடைசியில் பந்தை மட்டையால் சுழற்றி வீசும் ஃபிளிக் அடித்தவன் பெயரில் ஏறும். மைதானத்தின் கடைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்தவன், அதை அசையாமல் நிறுத்தியவன், முதலில் டி-க்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள்) பாய்ந்து அந்த பிசியை வாங்கிக் கொடுத்தவன், இந்த மூன்று பேரும் ஸ்கோர் ஷீட்டில் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், இல்லவே இல்லை. மகன் பெயர் ஷீட்டில் வரவில்லை என்பதற்காக அவன் ஆடவில்லை என்று ஆகிவிடாது. 2023இல் உலகின் சிறந்த வீரர் விருதை சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு ஹர்திக் சிங்குக்குக் கொடுத்தது. அவர் மிட்ஃபீல்டர், நடுவரிசையில் ஆடுபவர்.

எதிரணி யார் என்றும் பாருங்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இதே இந்திய அணி 7 ஆட்டத்தில் 68 கோல் போட்டது. அதில் 32 கோல் உஸ்பெகிஸ்தானுக்கும் சிங்கப்பூருக்கும் எதிரான இரண்டே ஆட்டத்தில் வந்தவை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, பாரிஸில் 8 ஆட்டத்துக்கும் சேர்த்து 15தான். பையன்கள் மோசமாகிவிட்டார்களா என்ன? அந்த அப்பாவின் நோட்டைப் புரட்டினேன். 11இல் 5, ஒரே பள்ளியை 9-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் வந்தவை. 4 பிசி. மிச்சம் இரண்டு.

அப்புறம், எத்தனை நிமிடம் ஆடினான் என்று யாரும் எழுதுவதே இல்லை. ஆள் மாற்றிக்கொண்டே இருக்கும் ஆட்டம் இது. ஒரு குவார்ட்டர் (ஆட்டத்தில் கால் பங்கு) மட்டும் இறங்கி ஒரு கோல் போட்டவனும் முழு ஆட்டம் ஓடி ஒன்று போட்டவனும் சமமில்லை. மூன்று ஆட்டக் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

டிஃபெண்டர்களை, அதாவது பின்வரிசையில் தடுக்கும் பையன்களைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸில் நம் டிஃபெண்டர் அமித் ரோஹிதாஸ் ஒரு கோலும் போடவில்லை. நம் கோலைக் காக்கும்போது பிசி-க்கு முதல் ஆளாக ஓடிப்போய் ஃபிளிக்கை உடம்பால் மறிப்பவர் அவர். காலிறுதியில் 17ஆம் நிமிடம் சிவப்பு அட்டை வாங்கி அவர் வெளியே போனார். மீதி நேரம் முழுக்க பத்துப் பேராகத் தாங்கி 1-1 என்று இழுத்து, சமநிலையை முடிவுசெய்யும் ஷூட்-அவுட்டில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷை நம்பிப் பிரிட்டனை ஜெயித்தோம். அந்த நாற்பது சொச்ச நிமிடம் நம்மவர்கள் செய்த வேலைக்குக் கோல் கணக்கில் இடமே கிடையாது.

என்னை உண்மையில் வருத்துவது வேறு. என்னிடம் வலது பக்கம் நடுவில் ஆடும் பதின்மூன்று வயது ரைட் ஹாஃப் ஒருவன் இருக்கிறான், அழகாக பாஸ் போடுவான். திடீரென்று எங்கிருந்து பந்து கிடைத்தாலும் கோலைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தான். விசாரித்தால், வீட்டில் கோலுக்கு நூறு ரூபாய் கொடுக்கிறார்களாம். தயவுசெய்து நிறுத்துங்கள். அவனுக்கு இருக்கும் ஒரே பெரிய திறமையை நீங்களே காசு கொடுத்து அழிக்கிறீர்கள்.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் ஃபார்வர்டை ஃபார்வர்டோடு ஒப்பிடுங்கள். பிசி கோலைத் தனியாக எழுதுங்கள். பந்தோடு டி-க்குள் எத்தனை முறை போனான், எத்தனை பிசி வாங்கினான், பந்தை இழந்த பிறகு திரும்பி ஓடினானா என்று எண்ணுங்கள்.

அந்த அப்பாவின் நோட்டில் இந்தக் கட்டங்களை நானே கோடு போட்டுக் கொடுத்தேன். அடுத்த தேர்வு ஜூனில். நிரப்பி எடுத்து வாருங்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்க்கிறேன்.