பில்லுக்குப் பக்கத்தில் ஃபோன் நம்பர் எப்படி வந்தது?

கடையின் பில் மென்பொருளில் பாக்கி உள்ள பில்களைத் தேடுகிறீர்கள். பில் எண், தேதி, தொகை எல்லாம் வந்துவிட்டன. சரி, கூப்பிட்டுக் கேட்க வாடிக்கையாளரின் ஃபோன் நம்பர் வேண்டுமே? அதையும் ஒரு ஃபீல்டாக, அதாவது இன்னொரு விவரக் கட்டமாக, சேர்த்தால் உடனே வந்து நிற்கிறது. இத்தனைக்கும் பில் பதிவில் அந்த நம்பரே கிடையாது.

அதில் இருப்பது 'வாடிக்கையாளர் 417' என்ற அடையாள எண் மட்டும்தான். பெயர், ஃபோன் எல்லாம் வாடிக்கையாளர் டேபிளில் (பட்டியலில்) 417-க்கு நேரே ஒரே இடத்தில் இருக்கின்றன. தேடும்போது மென்பொருள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கே போய், வேண்டியதை எடுத்துவந்து பில்லோடு ஒட்டுகிறது. இதுதான் ஜாயின். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட ரிலேஷனல் மாடல்தான் (தகவல்களைத் தனித்தனி டேபிள்களில் வைத்து, பொதுவான மதிப்புகளால் இணைக்கும் முறை) இதற்கு அடித்தளம். நம்பர் மாறினால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும், ஆயிரம் பில்களிலும் புது நம்பர் தெரியும். எவ்வளவு அழகான யோசனை!

ஆனால் ஒட்டுவதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. இன்னர் ஜாயின் என்றால், வாடிக்கையாளர் குறிக்கப்படாத பில்கள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். லெஃப்ட் ஜாயின் அவற்றை வைத்துக்கொண்டு ஃபோன் கட்டத்தை மட்டும் காலியாக விடும்.

பெரிய வில்லங்கம் எதிர்த்திசையில் இருக்கிறது. ஒரு பில்லுக்கு ஒரு வாடிக்கையாளர்தான். ஆனால் ஒரு பில்லில் பல பொருட்கள் இருக்கலாம். 9,000 தொகையுள்ள பில்லில் மூன்று பொருட்கள் என்று வையுங்கள். பொருளின் பெயரையும் சேர்த்துத் தேடினால் அந்தப் பில் மூன்று வரிசைகளாக வரும், ஒவ்வொன்றிலும் 9,000 இருக்கும். கூட்டினால் 27,000! அதே பில்லுக்கு இரண்டு தவணையாகப் பணம் வந்திருந்து, அந்த விவரத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு பொருளோடும் ஒவ்வொரு தவணை ஜோடி சேர்ந்து ஆறு வரிசை, 54,000. எந்த வரிசையிலும் தப்பு இல்லை, கூட்டுத்தொகை மட்டும் பொய். பிழைச் செய்தியும் வராது. அதனால்தான் இதைக் கண்டு நான் மிகவும் பயப்படுகிறேன்.

தவணைகளை முதலில் பில்வாரியாகக் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டு, அப்புறம் ஒட்டினால் தவணைகளால் பில்லின் வரிசைகள் பெருகாது. ஃபீல்டைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை வரிசை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் எதிர்ப்பக்கம் பல பதிவுகள் இருக்கின்றன, குறைந்திருந்தால் இன்னர் ஜாயின் எதையோ விழுங்கியிருக்கிறது.