ஒட்டு ரோஜா பூக்கவில்லையா? உரம் போடும் முன் அடித்தண்டைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டங்களுக்குப் போய் செடிகளைப் பார்த்து ஆலோசனை சொல்வது என் தொழில். ரோஜா வைத்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் ஒன்று உண்டு. வாங்கிய புதிதில் பெரிய பெரிய பூவாகப் பூத்த செடி, இப்போது ஆள் உயரம் வளர்ந்து இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஒரு மொட்டைக்கூடக் காணோம். அதற்குள் வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, டீத்தூள், கடையில் விற்கும் பூக்கும் டானிக் எல்லாம் போட்டுப் பார்த்திருப்பார்கள். பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் உரக் குறைவு அல்ல. அவர்கள் வாங்கி வந்த ரோஜா எப்போதோ செத்துப்போயிருக்கும், அதைத் தாங்கிக்கொண்டிருந்த வேர்ச்செடிதான் தொட்டி முழுக்க வளர்ந்து நிற்கும்.

நர்சரியில் வாங்கும் ஹைபிரிட் டீ ரோஜா பெரும்பாலும் ஒரே செடி இல்லை, இரண்டு செடிகள். கீழே வேரும் அடித்தண்டும் ஒரு காட்டு ரோஜாவுடையது, நம் பக்கம் அதிகம் வருவது மல்டிஃப்ளோரா வகை. அதன் தண்டில் பட்டையைக் கீறி, நமக்கு வேண்டிய ரகத்தின் ஒரே ஒரு கணு மொட்டை (பூ மொட்டு இல்லை, கிளையாகத் துளிர்க்கும் மொட்டு) செருகிக் கட்டிவிடுவார்கள். ஒட்டியதும் காட்டுச் செடியின் மேல்பகுதியை வெட்டிவிட்டால், செருகிய மொட்டு துளிர்த்துச் செடியாகிறது. ஏன் இந்தப் பாடு என்றால், ஹைபிரிட் டீ ரகங்கள் பலவற்றுக்குச் சொந்த வேரில் அவ்வளவு வலு கிடையாது. 1867இல் பிரான்சின் லியோன் நகரத்தில் கியோ என்பவர் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' ரோஜாவைத்தான் இந்த வகையின் முதல் செடியாகச் சொல்வார்கள். சீனத்திலிருந்து போன டீ ரோஜாக்களையும் ஐரோப்பாவின் ஹைபிரிட் பெர்பெச்சுவல் என்ற பழைய கலப்பின ரோஜாக்களையும் கலந்து வந்த வம்சம் இது. நீண்ட காம்பு, ஒரு காம்புக்கு ஒரு பெரிய பூ, வருடத்தில் பல முறை பூக்கும் குணம் எல்லாம் இதில் கிடைத்தது, வேருக்கு மட்டும் இன்னொரு செடியின் துணை தேவைப்பட்டது.

அடித்தண்டில் ஒரு முடிச்சு போலப் புடைப்பாகத் தெரிகிறதே, அதுதான் ஒட்டு போட்ட இடம். அதற்கு மேலே வருவது நம் ரோஜா, கீழே வருவது காட்டுப் போத்து, அதாவது காட்டுச் செடியின் துளிர். இந்த ஒரு இடம் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆனால் நம் ஊரில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு காம்பில் 5 இலை வந்தால் நல்ல கிளை, 7 இலை வந்தால் காட்டுக் கிளை, உடனே வெட்டு. இதை நம்பி நல்ல செடிகளை அழிக்கிறார்கள் என்பதுதான் இதை எழுதவே காரணம். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மா, "ஏழு இலை வந்தா விடமாட்டேன் தம்பி, வந்ததும் வெட்டிடுவேன்" என்று பெருமையாகச் சொன்னார். குனிந்து அடிமண்ணை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். அவர் வெட்டிய தழும்புகள் எல்லாம் முடிச்சுக்கு மேலேயே இருந்தன. செடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அடியிலிருந்து அனுப்பிய தடித்த, செம்புச் சிவப்பான இளந்தண்டுகள் அவை. அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கான பூ முழுக்க அந்தத் தண்டுகளில்தான் வந்திருக்கும். முடிச்சுக்குக் கீழே மண்ணுக்குள்ளிருந்து கிளம்பிய வெளிர்பச்சைப் போத்து ஒன்று, அதில் 5 இலைக் காம்புகளும் கலந்திருந்த காரணத்தால், தப்பித்து உயரமாக வளர்ந்துகொண்டிருந்தது.

நல்ல ஹைபிரிட் டீ ரகங்களிலும், செடி செழிப்பாக இருந்தால், 7 இலைக் காம்பு வரும். காட்டுச் செடியிலும் 5 இலைக் காம்பு வரும். அதனால் இலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள், தண்டு எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். அதிலும் சந்தேகம் என்றால் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே காம்பின் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு பச்சை விளிம்பு ஒட்டியிருக்கும். மல்டிஃப்ளோராவில் அந்த விளிம்பு சீப்புப் பல் மாதிரி மெல்லிய இழைகளாகப் பிரிந்திருக்கும், ஹைபிரிட் டீயில் அப்படி இருக்காது. கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினாலே தெரிந்துவிடும்.

காட்டுப் போத்து என்று உறுதியானால் மண் மட்டத்தில் கத்தரிக்காதீர்கள். அடியில் தங்கும் கணுக்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும். மண்ணை ஒதுக்கி, அது கிளம்பும் இடம் வரை போய், கையுறை போட்ட கையால் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கொஞ்சம் பட்டை உரிந்தாலும் பரவாயில்லை. பென்சில் தடிமனுக்குள் இருக்கும்போதே செய்துவிட்டால் சுலபம்.

நடும்போதும் இதே இடம்தான் முக்கியம். குளிர் நாடுகளில் பனியிலிருந்து காப்பாற்ற இந்த முடிச்சை மண்ணுக்குள் புதைப்பார்கள், வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே செய்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ பனிக்கு என்ன பயம்? முடிச்சு மண்ணுக்கு 2 அங்குலம் மேலே இருக்கட்டும். ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் தண்டை இறுக்கிக்கொண்டிருந்தால் பிளேடால் பக்குவமாக அறுத்து எடுத்துவிடுங்கள். அப்புறம், ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் செடிகளில் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே செம்மண்ணும் தொழு உரமும் கலந்த தொட்டியில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றியிருக்கும் பொலபொலப்பான மண்ணில் இறங்கி ஓடிவிடும், உருண்டை உள்ளே காய்ந்தே கிடக்கும். இல்லையென்றால் மழைக்காலத்தில் ஊறி வேரை அழுகவைக்கும். அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் வைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை மட்டும் மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். முழுவதையும் உதறினால் நுனி வேர்கள் அறுந்துபோகும். தொட்டி 12 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், வெயில் 6 மணி நேரமாவது வேண்டும், மொட்டை மாடியாக இருந்தால் தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைப்பது நல்லது.

முடிச்சுக்கு மேலே உள்ள நம் ரோஜா எப்படிச் சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், காட்டுச் செடிக்கு வழிவிடுவது அதுதான். வெட்டிய நுனியிலிருந்து தண்டு பழுப்பாகி, கறுத்து, கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். நுனிக்கருகல் என்கிற பூஞ்சாண நோய் அது. முடிச்சைத் தொட்டுவிட்டால் ரோஜா முடிந்தது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், இது அதிகம் வரும். அக்டோபரில் கவாத்து என்று பொதுவாகச் சொல்வார்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் தொடர் மழை நாட்களைத் தவிர்த்து, நாலைந்து நாள் வெயில் காயும் இடைவெளியில் செய்யுங்கள் என்பேன். கறுப்பு தெரிந்தால், உள்ளே வெட்டுமுகம் வெள்ளையும் பச்சையுமாகத் தெரியும் வரை கீழே இறங்கி வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக் கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். கவாத்துக்குப் பிறகு பூ வர 45 நாள் பிடிக்கும், அதற்குள் அவசரப்பட்டு உரத்தைக் கொட்ட வேண்டாம்.

பூச்சி மருந்து பற்றி ஒன்றே ஒன்று. பூக்காத செடிக்கு, காரணமே தெரியாமல், விவசாயக் கடையில் கேட்டு வாங்கிய வீரியமான மருந்தை வீட்டு வாசலில் அடிப்பது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். அந்தப் பூவைத் தலையில் வைக்கிறோம், குழந்தைகள் முகர்கிறார்கள், இதழைச் சிலர் சாப்பிடவும் செய்கிறார்கள். போதாததற்கு, கண்டபடி மருந்து அடித்தால், இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, செஞ்சிலந்தி முன்பைவிடப் பெருகும். மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் அதை ஒரு வெள்ளைத் தாள் மேல் தட்டிப் பாருங்கள். ஊசி முனை அளவில் நீளமாக ஏதாவது நகர்ந்தால் அது இலைப்பேன் என்ற பூச்சி. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளித்தால் வீட்டுச் செடிக்குப் பெரும்பாலும் போதும். இலைக்கு அடியில் நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி, குழாய்த் தண்ணீரை அடிப்பக்கமாகப் பீய்ச்சி அடியுங்கள்.

ஏற்கெனவே முடிச்சுக்கு மேலே ஒன்றுமே பச்சையாக இல்லை, கீழிருந்து வந்த போத்து மட்டும்தான் நிற்கிறது என்றால், அதில் பழைய பூ திரும்பி வராது. எத்தனை வருடம் காத்திருந்தாலும் வராது. எடுத்துவிட்டு வேறு செடி வையுங்கள். வாங்கும்போது பூவைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள், முடிச்சுக்கு மேலே குறைந்தது இரண்டு பச்சைத் தண்டுகள் இருக்க வேண்டும், அதில் கறுப்பு இறங்கியிருக்கக் கூடாது. இவ்வளவு கவனிக்க நேரமில்லை என்பவர்கள் பன்னீர் ரோஜா வைக்கலாம். பென்சில் தடிமனில் முக்கால் அடிக் குச்சியை மழைக்காலத்தில் ஊன்றினாலே வேர் பிடித்துவிடும். குச்சியிலிருந்து வந்த செடிக்கு ஒட்டே கிடையாது, அடியிலிருந்து எந்தத் துளிர் வந்தாலும் அதுவும் பன்னீர் ரோஜாதான்.