புள்ளி மின்னூட்டம்: பாரம் ஏற்றிய ஒரு சொல்

பினாங்கில் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இயற்பியலில் மின்னூட்டத்துக்கு ‘சாஸ்’ என்னும் மலாய்ச் சொல்லையே முதலில் சந்திக்கிறார்கள். கைப்பேசிக்குப் போடும் ‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்தான் அது. அதன் வேர், வண்டியைக் குறிக்கும் ‘கர்ருஸ்’ என்னும் லத்தீன் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து, 18ஆம் நூற்றாண்டில் மின் இயலுக்குள்ளும் நுழைந்தது. இந்தோனேசியர் இன்றும் ‘முவாத்தான்’, அதாவது சுமை, என்றே சொல்கிறார்கள். பட்டர்வொர்த்தில் ஓடும் லாரிகளின் கதவில் சுமையோடு கூடிய எடையைக் காட்டும் BDM என்ற மூன்றெழுத்தில் கடைசி எழுத்து குறிப்பதும் இந்த முவாத்தானைத்தான்.

தமிழில் இலங்கை நூல்கள் ‘ஏற்றம்’ என்கின்றன. வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கியது இதுவே. ஆயினும் ஏற்றம் உயர்வையும் குறிப்பதால், தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘மின்னூட்டம்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். ஊட்டிய உணவு செரித்துத் தீர்வதுபோல, விசை செலுத்துவதால் மின்னூட்டம் தீர்ந்துவிடும் என்று மட்டும் மாணவர் எண்ணிவிடக் கூடாது.

‘புள்ளி’ என்றால் அளவே இல்லாதது என்று பொருளல்ல. இடைத்தூரத்தோடு ஒப்பிட உருவம் மிகச் சிறியது என்பதே கருத்து. அத்தகைய இரண்டுக்கு இடையிலான விசை, மின்னூட்டங்களின் பெருக்கலுக்கு நேர்விகிதத்திலும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் கூலும் 1785இல், கம்பி முறுகும் அளவால் விசையை அளக்கும் முறுக்குத் தராசைக் கொண்டு நிறுவினார். காற்றில் அதன் மாறிலி ஏறத்தாழ 9×10⁹ (நியூட்டன், மீட்டர், கூலும் அலகுகளில்).

ஒரே கோட்டில் 30 செ.மீ. இடைவெளியில் இடமிருந்து வலமாக அ (+2), ஆ (−3), இ (+4) மைக்ரோகூலும் (கூலும் என்ற மின்னூட்ட அலகின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மின்னூட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். இ மீது ஆ செலுத்தும் விசை 1.2 நியூட்டன்; எதிரினம் ஆகையால் அது இடப்பக்கம் இழுக்கும். அ செலுத்துவது, 60 செ.மீ. தொலைவுக்கு, 0.2 நியூட்டன், ஓரினம் ஆகையால் வலப்பக்கம் தள்ளும். மாணவர் பலர் தவறுவது இங்கேதான்: நடுவில் ஆ நிற்பதால் அ-வின் விசை மறைபடும் என்று நினைத்து அதை விட்டுவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் மின்னூட்டம் மற்றதன் விசையை மறைப்பதில்லை. ஒவ்வோர் இணையையும் தனியே கணக்கிட்டுத் திசையோடு கூட்ட வேண்டும். ஆகவே நிகர விசை 1.0 நியூட்டன், இடப்பக்கமாக.