ஸ்டேஜ் ஒன்று, கட்டியின் குணம் வேறொன்று

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால், சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனாவது ஸ்டேஜாம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. கட்டி எவ்வளவு பெரிசு, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போய்விட்டதா என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். ஆனால் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு வரும் ஐ.எச்.சி. தாளில், அதாவது கட்டியில் எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனையின் தாளில், ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2, கேஐ-67 என்று நான்கு வரி இருக்கும். முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்; ஹெர்2 செல்லை வளரத் தூண்டும் புரதம்; கேஐ-67 செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் புரதம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மாத்திரையா, ஊசியா, கீமோவா என்று முடிவெடுக்கும்போது டாக்டரின் கண் முதலில் போவது அந்த நான்கு வரிக்குத்தான்.

அந்த வரிகள் எதை அளக்கின்றன? நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. கண்ணில் இருப்பதும் கல்லீரலில் இருப்பதும் ஒரே தொகுப்புதான். கல்லணையில் வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறதல்லவா? ஆறும் வாய்க்காலும் போன வருஷம் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். எந்த மதகை எவ்வளவு தூக்கினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கடைமடையில் நாற்று பிழைப்பதும் கருகுவதும். மரபணுவும் அப்படித்தான். திறந்திருக்கும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கப்படுகிறது, அதைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். அந்த நான்கு வரியும் நான்கு மரபணுக்களின் வெளிப்பாட்டைத்தான் அளக்கின்றன.

புற்றுநோய் என்றாலே மரபணு கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். பல இடங்களில் அது உண்மை. ஆனால் டி.என்.ஏ. எழுத்து ஒன்றுகூடப் பிழையாகாமலே ஒரு மரபணு வாயடைத்துப் போகலாம். சில மார்பகக் கட்டிகளில், பழுதான டி.என்.ஏ.-வைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டிக்கொள்கிறது. மரபணு முழுசாக இருந்தும் அதிலிருந்து படி எடுக்க முடியாது. ஹெர்2-வில் நடப்பது நேரெதிர். 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு, வழக்கமான இரண்டு பிரதிக்குப் பதிலாகப் பல பிரதிகளாகப் பெருகி, செல்லின் மேற்பரப்பு முழுக்க ஹெர்2 புரதத்தை நிரப்பிவிடுகிறது. இதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, நோய் முற்ற முற்ற இந்த வெளிப்பாடு எப்படி மாறும்? படிப்படியாக மாறும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டியில் கொஞ்சம், குழாயை உடைத்து வெளியே வந்ததும் இன்னும் அதிகம் என்று. 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் திசுத் துண்டுகளிலிருந்து ஒவ்வொரு கட்டத்துச் செல்களையும் லேசரால் தனித்தனியாகப் பிரித்தெடுத்து ஒப்பிட்டார்கள். பெரிய மாற்றங்கள் மிக ஆரம்பத்திலேயே, புற்றுநோய் என்று பெயர் வைப்பதற்கு முந்தைய கட்டத்திலேயே வந்துவிட்டிருந்தன. குழாய்க்குள் இருக்கும் கட்டியும் வெளியே பரவிய கட்டியும் வெளிப்பாட்டில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது ஸ்டேஜை வைத்து அல்ல, கிரேடை வைத்து. அதாவது செல்கள் பார்வைக்கு எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்பதை வைத்து. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான், ஏனென்றால் நாம் கேட்கும் அந்த முதல் கேள்வியையே இது கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

அப்படியானால் குழாயை உடைப்பது எது? பதிலின் ஒரு பகுதி அக்கம்பக்கத்தில் இருக்கிறது. பால் குழாயைச் சுற்றி மையோஎபிதீலியல் செல்களின் அடுக்கு ஒன்று காவலாக நிற்கும். நோய் முற்றும்போது அது குறைந்து, மறைகிறது. சுற்றியுள்ள இணைப்புத் திசுவில் புரதங்களை வெட்டும் நொதிகளின் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. கட்டியின் செல்கள் பெரிதாக மாறாவிட்டாலும் வெளியே போக வழி கிடைத்துவிடுகிறது.

லேபில் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள்? கட்டித் துண்டை மெழுகில் பதித்து ‘பிளாக்’ ஆக்கி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, தேடும் புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறும்படி சாயமேற்றுவார்கள். ஈ.ஆர். இருந்தால் நீலப் பின்னணியில் செல்லின் உட்கரு மட்டும் காப்பிப்பொடி நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நூற்றில் ஒரு செல் அப்படித் தெரிந்தாலே பாசிட்டிவ். ஹெர்2-வாக இருந்தால் உட்கருவில் நிறம் ஏறாது. செல்லைச் சுற்றி வளையமாக ஏறும். வளையம் முழுசாக, அடர்த்தியாக இருந்தால் 3+. 2+ என்றால் சந்தேகம், ஃபிஷ் சோதனை செய்து மரபணுப் பிரதிகளை எண்ண வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வேதாரண்யத்திலோ மன்னார்குடியிலோ எடுத்த துண்டு பஸ் ஏறித்தான் தஞ்சாவூர் லேபுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் விழுந்திருக்க வேண்டும். துண்டைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின், 6 முதல் 72 மணி நேரம். வெறும் சலைனில் போட்டு மறுநாள் கொண்டுபோனால் புரதம் சிதைந்து, உண்மையில் இருக்கும் ஈ.ஆர். இல்லை என்று வந்துவிடலாம். அப்புறம், ஈ.ஆர். இருக்கும் கட்டிக்குக் கொடுக்கும் தமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையால் பலன் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு அந்த மாத்திரையே எழுதப்படாமல் போகும். பாட்டிலில் இருப்பது ஃபார்மலின்தானா என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சில வருஷம் கழித்து நோய் எலும்பிலோ நுரையீரலிலோ திரும்பி வந்தால் டாக்டர் மறுபடி பயாப்ஸி கேட்பார். "அதான் அப்பவே பார்த்தாச்சே, ஊசி குத்தினா இன்னும் பரவிடாதா?" என்று வீட்டில் தயங்குவார்கள். அந்தப் பயத்துக்காகச் சோதனையைத் தவிர்ப்பதில்தான் நஷ்டம் அதிகம். பழைய ரிப்போர்ட்டில் இருந்த ஈ.ஆர். புதிய கட்டியில் காணாமல் போயிருக்கலாம், ஹெர்2 புதிதாக வந்திருக்கலாம். இன்னொன்றும் நடக்கும். ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தவர்களில் சிலருக்கு, ஈ.ஆர். புரதத்துக்கான ஈஎஸ்ஆர்1 மரபணுவின் எழுத்தே மாறி, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே வளர்ச்சி மரபணுக்களை அது இயக்கத் தொடங்கிவிடும். இந்த மாற்றத்தை இப்போது ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். அதற்கென்றே வந்த எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு 2023 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.