ரபி, ஹஸான், ஷமாஷ்: யூதத் தொழுகைக்கூடப் பணியாளர் பெயர்கள் குறித்து ஒரு சொல் விளக்கம்

நம் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திகளில் 'யூத மதகுரு' என்னும் தொடர் அடிக்கடி தென்படுகிறது. சில வேளைகளில் 'யூதப் பூசாரி' என்றும் அச்சாகிவிடுகிறது. இரண்டுமே 'ரபி' என்ற ஒரே சொல்லுக்கு ஈடாக இடப்படுபவை. இவற்றுள் முன்னது பாதி பொருந்தும். பின்னது அறவே பொருந்தாது. ஒரு சமூகம் தன் நடுவில் யாரை எதற்காக மதிக்கிறது என்பதையே இந்தப் பெயர் சொல்வதால், இதைப் பிழையாகப் பெயர்த்தால் அந்தச் சமயத்தின் அமைப்பையே பிழையாகப் புரிந்துகொள்ள நேரிடும்.

எபிரேயத்திலும் அரமேயத்திலும் 'ரப்' என்பது பெருமை, மிகுதி, தலைமை என்னும் பொருள்களைத் தரும் சொல். அதனோடு 'என்னுடைய' என்பதைக் குறிக்கும் ஈகார ஈறு சேர, 'என் பெரியவரே', 'என் தலைவரே' என்ற விளி பிறக்கிறது. பெருமை என்னும் அடியில் தோன்றிய 'பெருமான்' நம் மொழியில் 'எம்' சேர்ந்து 'எம்பெருமான்' ஆனது போன்ற ஆக்கம் இது. அரபியிலுள்ள 'ரப்பு' இதற்கு உறவுச்சொல்; தமிழ் முஸ்லிம்கள் இறைவனைக் குறிக்க அன்றாடம் சொல்லும் 'ரப்பு' அதுவே. அரபியில் இறைவனைச் சுட்டிய வேர், யூதரிடம் பாடம் சொல்லிக்கொடுக்கும் மனிதரை மாணவர் அழைக்கும் சொல்லாக நின்றது. அழைக்கும் சொல்லே பின்னர்ப் பட்டப்பெயராக இறுகியது.

தமிழில் இச்சொல் நுழைந்த வாயில் விவிலியம். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இரு சீடர்கள் இயேசுவை 'ரபீ' என்று அழைக்க, அதற்குப் 'போதகரே' என்று பொருள் என்று நூலே உடன் சொல்லிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பு விளியின் நெடிலைக் காத்து 'ரபீ' என்றே எழுதியது. பெயராக எழுதும்போது குறிலோடு 'ரபி' என்பதே நன்று. மூலத்தில் இரட்டை மெய் உண்டு என்று கருதி 'ரப்பி' என எழுதுவோர் உளர். ஆனால் தமிழில் பகரம் இரட்டித்தால் வல்லொலியாகிவிடும், மூல ஒலியோ மெல்லியது. 'ரபி பருவம்' என்று உழவர் சொல்லும் ரபி வேறு. அது வசந்தத்தைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது.

இனி, ரபி யார்? எருசலேம் கோவிலில் பலி செலுத்தியவர்கள் 'கோகேன்' எனப்பட்டவர்கள். ஆரோனின் வழித்தோன்றலாகப் பிறந்தவர் மட்டுமே கோகேன் ஆக முடியும். படித்து ஆக முடியாது. கி.பி. 70இல் உரோமைப் படை அந்தக் கோவிலை அழித்தபோது பலியும் நின்றது. அதன்பின் சமூகத்தைத் தாங்கிநின்றவர் படிப்பினால் உயர்ந்த ரபி. அவருக்குப் பிறப்புரிமை இல்லை, பலிபீடம் இல்லை. அவர் வராவிட்டாலும் தொழுகை நடக்கும். வயதுவந்த பத்துப் பேர் கூடினால் போதும். மரபுவழிச் சபைகளில் அந்தப் பத்துப் பேரும் ஆண்களாக இருக்க வேண்டும். எனவேதான் 'பூசாரி' தவறு என்கிறேன். பூசாரி இல்லாமல் பூசை இல்லை. ரபி இல்லாமல் தொழுகை உண்டு.

ரபியாகத் தகுதி அளிக்கும் சடங்கு 'செமிகா'. மோசே யோசுவாவின்மேல் கைகளை வைத்துத் தம் பொறுப்பை ஒப்படைத்த செயலிலிருந்து வந்த பெயர் அது. கைவைக்கும் அந்தத் தொன்மைச் சங்கிலி நெடுங்காலத்துக்கு முன்பே அறுந்துபோனது. இன்று 'செமிகா' என்பது உணவு விதிகள் முதலியவற்றில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குக் கற்றவர் என்று ஆசிரியர்களோ கல்விநிலையமோ வழங்கும் சான்று. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்மூது உருவான காலத்து ரபிகள் பலர் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். ரபி ஈசாக்கு நப்பாகாவின் பெயரிலுள்ள 'நப்பாகா' கொல்லர் என்று பொருள்படும். திருமறையைக் கற்பித்துக் கூலி வாங்கலாகாது என்ற எண்ணம் அவர்களிடம் அத்தனை வலுவாக இருந்தது. வாரந்தோறும் அருளுரை ஆற்றுபவர், நோயாளிகளைச் சென்று காண்பவர், சபையின் சம்பளம் பெறும் தலைவர் என்ற இன்றைய உருவம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் திரண்டது.

தமிழில் நேர்ச்சொல் தேடும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கற்பிப்பவரைக் குறிக்க நம்மிடம் இருந்த நல்ல சொற்கள் எல்லாம் வேறிடத்தில் பணியமர்த்தப்பட்டுவிட்டன. 'ஆசாரியன்' என்றால் ஆசிரியர் என்பதே அடிப்பொருள். ஆனால் பழைய விவிலியத் தமிழ் அச்சொல்லைப் பலி செலுத்தும் கோகேனுக்குக் கொடுத்துவிட்டது. 'குரு' என்பதும் ஆசிரியரே; கத்தோலிக்க மொழிபெயர்ப்பு அதையும் கோகேனுக்கே வழங்கிற்று. எஞ்சிய 'போதகர்', சீர்திருத்தத் திருச்சபைகளில் சபைப் பொறுப்பாளரின் பதவிப்பெயர் ஆகிவிட்டது. இதனால் 'யூத மதகுரு' என்று படிக்கும் கிறித்தவ வாசகர் திருப்பலி நிறைவேற்றுபவரை எண்ணிக்கொள்கிறார். இந்து வாசகர் தீட்சை தருபவரை எண்ணிக்கொள்கிறார். என் பரிந்துரை, 'ரபி' என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, முதன்முறை வருமிடத்தில் 'திருச்சட்ட ஆசிரியர்' என்று விளக்கம் சேர்ப்பது. திருச்சட்டத்தின் எபிரேயப் பெயரான தோரா என்னும் சொல்லே கற்பித்தல் என்ற வேரிலிருந்து வந்தது என்பதால், ஆசிரியர் என்ற சொல் இங்கே முற்றும் பொருந்தி அமைகிறது.

இன்னும் சுவையான வரலாறு 'ஹஸான்' என்பதற்கு உண்டு. இன்று ஹஸான் என்றால் தொழுகையைப் பாடி நடத்துபவர். ஆனால் லூக்கா நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள்: நாசரேத்தில் இயேசு ஏட்டை வாசித்து முடித்து, அதைச் சுருட்டி ஒருவரிடம் கொடுத்துவிட்டு அமர்கிறார். ஏட்டை வாங்கிக்கொண்டவரைப் பழைய மொழிபெயர்ப்பு 'பணிவிடைக்காரன்' என்கிறது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பு 'ஏவலர்' என்கிறது. அந்தக் காலத்து ஹஸானின் வேலை அதுதான். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூலும், திருச்சட்டச் சுருளை எடுத்துக் கைக்குக் கை தருபவராகவே அவரைக் காட்டுகிறது. ஓய்வுநாள் இரவில் விளக்கொளியில் படிக்கலாகாது என்பது விதி. ஆனாலும் பிள்ளைகள் எந்த இடத்தில் வாசிக்கிறார்கள் என்று ஹஸான் பார்த்துக்கொள்ளலாம் என்று அதே நூல் விலக்குத் தருகிறது. அலெக்சாந்திரியாவின் பெரிய தொழுகைக்கூடத்தைப் பற்றித் தால்மூது சொல்லும் காட்சி மனத்தில் நிற்பது: பொற்கொல்லர் ஒருபுறம், இரும்புக்கொல்லர் ஒருபுறம், நெசவாளர் ஒருபுறம் என்று கூட்டம் பரந்து அமர்ந்திருக்க, குரல் எட்டாத தொலைவிலிருப்போரும் உரிய நேரத்தில் 'ஆமென்' சொல்லும்படி, நடுவிலிருந்த மரமேடையில் நின்ற ஹஸான் கையிலுள்ள துணியை வீசிக் குறிப்புக் காட்டுவாராம்.

துணி வீசியவர் பாடகரானது கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில். புதிய வழிபாட்டுப் பாடல்கள் பெருகின; அவற்றை மனப்பாடமாக, உரிய இசையில் பாட வல்லவர் தேவைப்பட்டார். அவருக்குச் 'சபையின் தூதர்' என்ற பெயரும் உண்டு. வேண்டுதலைத் தாமாகச் சொல்ல இயலாதவர் அவர் சொல்லக் கேட்டு 'ஆமென்' என்றால் சொன்னதாகவே கொள்ளப்படும். தமிழில் 'பாடகர்' என்றால் மேடைக் கச்சேரி நினைவுக்கு வருகிறது. 'ஓதுவார்' என்பதே தக்கது என்று உறுதியாகக் கருதுகிறேன். தேவாரத்தைப் பண்ணோடு இசைப்பவர் ஓதுவார். ஹஸானும் நாளுக்கும் வேளைக்கும் உரிய இசைமரபில்தான் ஓதுகிறார். சைவத்துக்கே உரிய சொல்லாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. வேதம் ஓதுகிறோம், குர்ஆன் ஓதுகிறோம். ஓதுதல் எல்லாச் சமயத்துக்கும் தமிழ் தந்த வினை.

ஹஸான் மேடையேறியபின் அவர் விட்டுச்சென்ற ஏவல் பணி 'ஷமாஷ்' என்பவரிடம் வந்தது. பணிசெய்தல் என்பதே அந்த வேரின் பொருள். கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் விடியுமுன் மரச்சுத்தியால் கதவுகளைத் தட்டித் தொழுகைக்கு எழுப்புவதும் இவரைப் போன்ற பணியாளரின் வேலையாக இருந்தது. ஹனுக்கா விழாவில் மற்ற எட்டுச் சுடர்களையும் ஏற்றப் பயன்படும் ஒன்பதாவது விளக்குக்கும் ஷமாஷ் என்றே பெயர். நம் தேவாலயங்களில் 'கோயில்பிள்ளை' செய்யும் வேலையை ஒத்தது இது. பொதுவாசகருக்குத் 'தொழுகைக்கூட ஊழியர்' போதும். 'கபாய்' என்பவர் முற்காலத்தில் அறக்கொடை தண்டியவர். வரி தண்டுபவரையும் மிஷ்னா இதே சொல்லால் குறிக்கிறது. இன்று திருச்சட்டச் சுருளை வாசிக்க யார் வர வேண்டும் என்று பெயர் சொல்லி அழைப்பவர் அவர். அவருக்கு 'நெறியாளர்' என்ற சொல் ஏற்கும்.

பால் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். 1935இல் செருமனியில் ரெகினா யோனாஸ் என்ற பெண் ரபியாகத் தகுதி பெற்றார். 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். 1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசண்ட் ரபியானார். மரபுவழிச் சபைகளில் இது இன்றும் வழக்காறுப் பூசலுக்கு உரியது. ஆசான் என்பதை விட்டு ஆசிரியர் என்பதை நான் எடுத்துக்கொண்டதற்கு இதுவும் காரணம். ஆசிரியரும் ஓதுவாரும் இருபாலுக்கும் பொதுவாக நிற்பவை.

நம் அண்டையிலேயே வாழ்ந்த கொச்சி யூதர்களிடம் ரபிகள் இருந்ததில்லை. மூப்பர்கள் சபையை நடத்தினர், ஓதத் தெரிந்தவர் ஓதினார், அரசர் முன்னிலையில் சமூகத்துக்குத் தலைவராக நின்றவர் 'முதலியார்' எனப்பட்டார். ஏறத்தாழ கி.பி. 1000இல் வட்டெழுத்தில் பொறித்த செப்பேட்டில் பகல்விளக்கும் நடைவழியில் விரிக்கும் துணியாகிய பாவாடையும் குடையும் சிறப்புரிமையாகப் பெற்ற 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்பவரின் பெயர், 'ரப்பான்' என்ற பழைய பட்டத்தை ஒலியில் நினைவூட்டுகிறது. ரகரத்துக்கு முன் இகரம் இட்டு நம் மரபுப்படியே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அவர் அங்கே வணிகர் தலைவராகத்தான் காணப்படுகிறார். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த தொழுகைக்கூடத்தை ஊர்மக்கள் அழைத்த பெயர் 'பள்ளி'. கிழக்கு ஐரோப்பிய யூதர் தம் இத்திஷ் மொழியில் தொழுகைக்கூடத்தை 'ஷூல்' என்பர்; அதற்கும் பள்ளிக்கூடம் என்றே பொருள்.