புறநகர் பொது நூலகம் வாடகை வீட்டில் இருப்பவருக்கும் உரியது

காலி வீதியில் வெள்ளவத்தையைக் கடந்து தெகிவளைக்குள் நுழையும்போது பேருந்தும் மாறுவதில்லை, கடைத்தெருவின் முகமும் மாறுவதில்லை. ஆனால் அந்த எல்லையைத் தாண்டியதும் குப்பை அள்ளுவது, தெருவிளக்கைப் பொருத்துவது, பொது நூலகத்தை நடத்துவது எல்லாம் கொழும்பு மாநகர சபையின் கையிலிருந்து தெகிவளை–கல்கிசை மாநகர சபையின் கைக்கு மாறிவிடுகின்றன. கொலன்னாவையில் அது நகர சபையின் வேலை. கோட்டேயில் மாநகர சபையின் வேலை. “கொழும்பு நூலகம்” என்றதும் நம்மில் பலருக்கு விகாரமகாதேவிப் பூங்காவின் அருகே உள்ள பெரிய கட்டடமே நினைவுக்கு வருகிறது. அது 1925இல் தொடங்கி, 1980ஆம் ஆண்டு முதல் இப்போதைய கட்டடத்தில் இயங்கிவரும் கொழும்பு பொது நூலகம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உங்கள் சபையின் நூலகம் ஒன்று இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இந்த விளக்கம் அந்தச் சிறிய நூலகங்களைப் பற்றியது.

இந்த நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சொந்தமானவை. மாநகர சபைகள் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், நகர சபைகள் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படியும் இயங்குகின்றன. சுதந்திர அவெனியூவில் உள்ள தேசிய நூலகம் வேறு. அதனை நடத்துவது 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. அது நாட்டின் நூல்களுக்குத் தேசிய நூற்பட்டியலைத் தயாரிக்கிறது, சர்வதேச நியம நூல் எண்ணை (ISBN) வழங்குகிறது, மற்ற நூலகங்களுக்கு வழிகாட்டுகிறது. ஆனால் உங்கள் புறநகர் நூலகத்தின் கதவு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பதையோ, அங்கே எந்த நூலை வாங்க வேண்டும் என்பதையோ அது தீர்மானிப்பதில்லை. குறை சொல்லவோ கோரிக்கை வைக்கவோ நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் சபையே.

அங்கத்துவம் பெறும் வழி சபைக்குச் சபை சற்று வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான். சபையின் எல்லைக்குள் வசிப்பவர், பெரும்பாலும் அங்கே தொழில் புரிபவரும் கல்வி கற்பவரும்கூட, அங்கத்தவராகலாம். நூலகத்தில் விண்ணப்பப்படிவத்தைப் பெற்று, தேசிய அடையாள அட்டையின் பிரதியையும் வதிவிடத்தை உறுதிசெய்யும் ஆவணத்தையும் இணைத்து, பிணையாளர் ஒருவரின் ஒப்பத்துடன் கையளிக்க வேண்டும். வதிவிடத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைக் கேட்பது வழக்கம். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஒப்பமிடுகின்றனர். கட்டணம் சிறியது, அங்கத்துவத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலானோர் தடுக்கிவிழுவது பிணையாளர் என்ற அந்த ஒரு வரியில்தான். பிணையாளர் சபைக்கு மதிப்பீட்டு வரி, அதாவது வீட்டுக்கும் காணிக்கும் உரிய வரி, செலுத்துபவராக, அல்லது அந்தப் பகுதியின் வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும் என்று படிவங்கள் கேட்பதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து, அனெக்ஸிலோ அடுக்குமாடியிலோ வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் பெயர் வரி இடாப்பில் இருப்பதில்லை. வாக்காளர் இடாப்பிலும் அவர்கள் இன்னும் ஊரிலேயே பதிவாகியிருப்பார்கள். இதைக் கண்டதும் “இது நமக்கில்லை” என்று படிவத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அப்படி மடித்து வைக்கத் தேவையில்லை. வரி இறுப்பவராக இருக்க வேண்டியது பிணையாளரே தவிர விண்ணப்பதாரர் அல்லர். வீட்டுக்காரர் ஒப்பமிடத் தயங்கினால், அதே சபை எல்லைக்குள் சொந்த வீட்டில் இருக்கும் அலுவலக நண்பர், பிள்ளையின் ஆசிரியர், தெருமுனையில் கடை வைத்திருப்பவர் என யாரும் பிணை நிற்கலாம். சில சபைகள் பிணையாளருக்குப் பதிலாகத் திருப்பித்தரக்கூடிய வைப்புப் பணத்தை ஏற்கின்றன. தொழில் வழங்குநரின் கடிதத்தை ஏற்கும் இடங்களும் உண்டு. படிவத்தில் அச்சாகியிருப்பதோடு நின்றுவிடாமல், வேறு வழி என்ன இருக்கிறது என்று நூலகரிடம் நேரே கேட்பதே சரி.

வாடகைக்கு இருப்பவர் சபைக்கு எதுவும் தருவதில்லை என்ற எண்ணமும் தவறு. வீட்டுக்காரர் காலாண்டுக்கு ஒருமுறை கட்டும் மதிப்பீட்டு வரி நீங்கள் மாதந்தோறும் தரும் வாடகைக்குள் அடங்கியிருக்கிறது. அந்த வரியிலிருந்துதான் நூலகத்துக்கும் பணம் போகிறது.

நான் முதன்முதலாகப் புறநகர் நூலகமொன்றில் அங்கத்துவம் கேட்டுச் சென்றபோது, விண்ணப்பப்படிவம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. மேசையில் இருந்த அம்மையார் கோபிக்கவில்லை. படிவத்தை என் பக்கமாகத் திருப்பிவைத்து, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் “இது பேர், இது விலாசம், இதில் சைன்” என்று சொல்லிக்கொடுத்தார். என் மகள் அந்த வரிகளின் மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டே வந்தாள். அந்த அம்மையாரின் நல்ல மனத்தை நான் மறக்கவில்லை. ஆனால் தமிழில் படிவம் கிடைப்பது ஒருவரின் நல்ல மனத்தைப் பொறுத்த காரியமாக இருக்கக் கூடாது. அது சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளிலும் ஒருவர் அரச உத்தியோகத்தருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும், அலுவல் பார்க்கவும், அதே மொழியில் பதில் பெறவும் உரித்துடையவர் என்று கூறுகிறது. 1988இல் 16ஆம் திருத்தத்தின் மூலம் இப்போதைய வடிவம் பெற்ற இந்த ஏற்பாடு உள்ளூராட்சி மன்றத்தின் உத்தியோகத்தர்களுக்கும் பொருந்தும். மாநகர சபையின் நூலகர் அவர்களுள் ஒருவர். ஆகவே சபையின் ஆணையாளருக்கோ செயலாளருக்கோ, தமிழ்ப் படிவமும் தமிழில் நூலக விதிகளும் வேண்டும் எனத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அந்த முத்திரையிட்ட பிரதிதான் அப்போது உங்கள் சான்று.

அங்கத்துவம் இல்லாமலும் நூலகத்துக்குள் போகலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. பெரும்பாலான நூலகங்களில் பத்திரிகைப் பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கும். காலையில் வீரகேசரியையும் தினக்குரலையும் தினகரனையும் மாற்றி மாற்றி வாசிக்கும் ஓய்வூதியர்களை அங்கே காணலாம். உசாத்துணைப் பகுதியில் அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், கடந்தகால வினாத்தாள்கள் போன்றவை இருக்கும். அவற்றை அங்கேயே இருந்து பார்க்க வேண்டும், வெளியே கொண்டுபோக முடியாது. அங்கத்துவ அட்டை தேவைப்படுவது இரவல் பகுதிக்கே. சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் படிக்கும் பிள்ளைக்கு ஒற்றை அறை அனெக்ஸில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே கிடைக்காத அமைதியான மேசை இங்கே செலவின்றிக் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு புறநகர் நூலகத்தின் மிகப் பெரிய சேவை அந்த மேசைதான். போயா தினங்களிலும் பொது விடுமுறைகளிலும் மூடியிருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நூலின் சில பக்கங்களைப் பிரதி எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இலாப நோக்கற்ற நூலகம் ஒருவரின் கல்விக்காகவோ ஆய்வுக்காகவோ ஒரு கட்டுரையை அல்லது நூலின் சிறு பகுதியை ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க அனுமதிக்கிறது. முழு நூலையும் பிரதி எடுக்க முடியாது.

தமிழ் அடுக்குக்கு வருவோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசாம்சப் பகுப்பைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணின் கீழ் இருக்கும், கவிதை 894.8111இலும் நாவலும் சிறுகதையும் 894.8113இலும் அமையும். இலங்கை வரலாறு 954.93. முதுகு ஒட்டிலுள்ள இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால், அடுக்குகளின் பெயர்ப்பலகை எந்த மொழியில் இருந்தாலும் நேரே போய் நிற்கலாம். நான் போகும் நூலகத்தில் 894.811 இரண்டு தட்டுகளில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து, பின்னட்டையின் உள்ளே ஒட்டியிருந்த திகதித் தாளைப் பார்த்தேன். ஊதா மையில் மூன்றே முத்திரைகள். கடைசி முத்திரை ஏழு ஆண்டுகளுக்கு முந்தியது. பக்கத்திலிருந்த சிறுவர் கதைப் புத்தகத்தின் தாளோ நிரம்பி, அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டுக்கு எந்த மொழியில் எத்தனை நூல்கள் வாங்குவது என்று முடிவுசெய்யும்போது, இரவல் பதிவுகளும் வாசகர் எழுதித் தந்த கோரிக்கைகளுமே நூலகரின் கையில் இருக்கும் ஆதாரங்கள். தமிழர் எவரும் இரவல் எடுக்காத இடத்தில் தமிழ் நூல் கேட்டுச் சபையில் வாதாட அவருக்கு வழியில்லை. எனவே வாசிக்க வேண்டிய நூலை அங்கேயே உட்கார்ந்து வாசித்துவிட்டு வைக்காமல், உங்கள் அட்டையில் பதிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் குறித்து நூல் கோரிக்கைகளையும் எழுத்தில் கொடுங்கள். சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டின் பிற்பகுதியில் தயாராவதால், தேசிய வாசிப்பு மாதமான ஒக்டோபருக்கு முன்பே கொடுப்பது பயன் தரும். உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

தமிழ் நூல்களுக்காகச் சபை எவ்வளவு செலவிட்டது என்பதை அறியவும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சபையின் தகவல் அலுவலரிடம் பிரசை எவரும் இதைக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். “கடந்த மூன்று ஆண்டுகளில் வாங்கிய நூல்களின் எண்ணிக்கையும் செலவும், மொழிவாரியாக” என்று ஒரே வரியில் கேட்டாலே போதும்.

வாடகை வீட்டை மாற்றி வேறு சபையின் எல்லைக்குப் போகும்போது, எடுத்த நூல்களையும் தாமதத்துக்கான தண்டப்பணத்தையும் ஒப்படைத்து, அங்கத்துவத்தை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். முடிக்காமல் போனால், திரும்பாத நூலுக்கான கடிதம் உங்களுக்காக ஒப்பமிட்டவரின் வீட்டுக்குப் போய்ச் சேரும். இன்னொரு வாடகைக் குடும்பத்துக்கு அவர் பிணை நிற்கத் தயங்குவார். வைப்புப் பணம் கட்டியிருந்தால் அதைத் திரும்பப் பெற அன்று தந்த பற்றுச்சீட்டு வேண்டும். அதை அடையாள அட்டைப் பிரதியுடன் சேர்த்து ஒரே உறையில் வைத்திருங்கள்.